சொல்லாத இடம் தப்பித்தது

நான் நன்றாகக் கேட்பவன். என் பிழைப்பே அதுதான். கடற்கரை ஊர்களில் கூட்டம் கூட்டுவேன். மக்கள் சொல்வதைக் கேட்டு, எழுதி, வரைபடமாக்கி, திட்டம் தீட்டுகிறவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். யாரையும் அதட்டியதில்லை. கள்ளக் கையெழுத்து போட்டதில்லை. கொடுத்த சம்பளத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கியதில்லை. அப்படியிருந்தும் மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் ஊர்ப் பெண்களுக்கு நான் செய்ததைத் துரோகம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. என்னை நம்பி அவர்கள் சொன்ன இடங்களைக் கொண்டே அவர்களை வெளியே நிறுத்தும் கோட்டை வரைய உதவினேன்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருமுறை காட்டிக்கொடுத்தது போதும். எனக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. நான் செய்ததை அவர்கள் யாரும் செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986-ல் தமிழ்நாடு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. இதற்குத் தேவை இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரையேற்றிய காலம் ஒன்று உண்டு. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் இன்று தண்ணீருக்கடியில் இருப்பதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். ஆகவே, பாதுகாப்பே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஓரிடத்தைச் சரணாலயமாக அறிவித்தால், அங்கே மக்களுக்கு முன்பிருந்த உரிமைகளில் சிலவற்றைத் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடலைச் சேர்த்துக்கொண்டால் உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1991 திருத்தம் சொல்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவில் கோடு போட்டது அதற்கு ஐந்து வருடம் முந்தி. போட்ட கோடும் வெகுகாலம் காகிதத்திலேயே இருந்தது. கரையில் அது உறைக்கத் தொடங்கியது 2000-க்குப் பிறகுதான். 2001-ல் கடல் அட்டை சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. அதை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆயின. இதே கடலின் அந்தப் பக்கம், இலங்கையில், உரிமம் வாங்கிக்கொண்டு எடுக்கலாம்.

பாசி எடுக்கும் பெண்களும் அப்படித்தான் மாட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எடுத்து விற்றவர்கள். அகர் அகரும் ஆல்ஜினேட்டும் எடுக்கும் ஆலைகளுக்கு அவை போகும். விடிவதற்குள் நாட்டுப்படகில் ஏறுவார்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, காலில் செருப்பைக் கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு முங்குவார்கள். பாறையில் பட்டுக் கை கிழியும், கால் கிழியும். இத்தனைக்கும் பிறகு கரைக்கு வந்தால் எடுத்த பாசியைப் பறிகொடுத்துவிட்டு அபராதம் கட்டிவிட்டு வருகிற நாளும் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வேலைக்குப் போனேன். பூங்கா எல்லைக்கு வெளியே, அதை ஒட்டிய ஒரு கடல் பகுதிக்கு மேலாண்மை வரைவு ஒன்று தயாரிக்க வேண்டும். இந்தத் தடவை மேலிருந்து கோடு போட மாட்டோம், மக்களைக் கேட்டுத்தான் போடுவோம் என்பது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கேட்கிற வேலை என்னுடையது. ராமநாதபுரத்தில் வளர்ந்தவன், கரைப்பேச்சு புரியும், பேசவும் வரும் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

முதல் பிழை நாள் குறித்ததில். அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் தோதான தேதிகளாகப் பார்த்து முதல் கூட்டங்களை வைத்தேன். அவை அமாவாசையை ஒட்டி அமைந்துவிட்டன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் தண்ணீர் நன்றாக வற்றும். பாசிக்குப் போகும் நாட்களே அவை. பெண்கள் கடலில் இருந்தார்கள். பந்தலில் ஆண்களும், பஞ்சாயத்துக்காரர்களும், விசைப்படகுக்காரர்கள் இரண்டொருவரும் இருந்தார்கள். அன்றைய குறிப்பில் நான் எழுதியது இது: பெண்களின் பங்கேற்பு குறைவு, விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். தேதியை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். பஞ்சாங்கம் பார்க்காதவன் நான்; விழிப்புணர்வு இல்லாதவர்கள் அவர்களாம்.

அப்புறம் திருத்திக்கொண்டேன் என்று சொல்லலாம். தண்ணீர் வற்றாத நாள் பார்த்துப் பெண்களை மட்டும் கூப்பிட்டேன். அந்தக் கூட்டம் இன்றைக்கும் என் தொழில் வாழ்க்கையில் சிறந்த கூட்டம். ஓலைப்பந்தலில் பெரிய தாளை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் வலையின் ஈயக்குண்டுகளை வைத்தோம். ஆண்கள் முன்பு வரைந்து கொடுத்த தீவுகளும், பார் என்று கரையில் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளும் அதில் இருந்தன. ஸ்கெட்ச் பேனாவை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை. ஒரு அக்கா எழுந்துபோய் வீட்டிலிருந்து காய்ந்த பாசி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். மரிக்கொழுந்து கிடக்கிற இடத்தில் மரிக்கொழுந்தைக் கிள்ளி வைத்தார். அடுத்தவர் கஞ்சிப்பாசியை வைத்தார். அதற்கப்புறம் ஆண்கள் வரைந்ததில் பிழை பிடிக்க ஆரம்பித்தார்கள்.

“அங்கிட்டு எங்க மரிக்கொழுந்து கிடக்கு? கச்சான் அடிச்சா மணலு மூடிரும். இவரு முங்கிப் பாத்தாராக்கும்?”

பந்தலே சிரித்தது. கோயில் கோபுரத்தையும் பனைமரக் கூட்டத்தையும் எந்த நேர்கோட்டில் பார்த்தால் எந்தப் பாருக்கு மேலே படகு நிற்கும் என்பதைச் சொன்னார்கள். எந்த மாதத்தில் எங்கே முளைக்கும், எங்கே முற்றும், எந்த இடத்தில் தண்ணீர் கலங்கும் என்று சொன்னார்கள். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு ஓர் ஆத்தா கோபப்பட்டார்.

“வேரோட புடுங்குனா அடுத்த வருசம் என்னத்தத் திங்கிறது? நுனியத்தான் கிள்ளுவோம். தகரத்தக் கொண்டு சொரண்டுறவள நாங்களே படகுல ஏத்த மாட்டோம்.”

கடைசியாக ஓர் இடத்தைச் சொன்னார்கள். உடனே சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்மேற்குக் காற்றில் தென்கடல் பொங்கிக் கிடக்கிற கச்சான் காலத்திலும் காற்று மறைவில் ஓரளவு அடங்கி இருக்கும் இடம் அது. மற்ற இடங்களில் கிடைக்காதபோது கைகொடுப்பது. அங்கே முன்கூட்டிப் போகக் கூடாது, எல்லா நாளும் போகக் கூடாது என்று அவர்களுக்குள் கட்டுப்பாடு இருந்தது. பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். “தம்பி நம்ம பிள்ளை” என்று சொல்லிக்கொண்டே அங்கே ஒரு பெரிய கை மரிக்கொழுந்தை வைத்தார்கள். நான் பென்சிலால் சுற்றி வட்டமிட்டேன். பிறகு படகில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன்.

அவர்கள் சொன்னது அவ்வளவுதான் என்றால் என் குற்றம் பாதிதான். அவர்கள் ஒரு நிபந்தனையும் சொன்னார்கள். மற்ற இடங்களில் எங்கே வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளுங்கள், சுரண்டுகிறவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், பார் மேலே மடிவலை இழுக்கிற படகுகளை முதலில் நிறுத்துங்கள், நாங்கள் கூட நிற்கிறோம். ஆனால் இந்த இடத்துக்கு எங்களை எங்கள் கட்டுப்பாட்டின்படி போகவிட வேண்டும். அதை ஒப்புக்கொண்டால்தான் எங்கள் சம்மதம். இவ்வளவு தெளிவாக ஒரு திட்ட அலுவலகத்தில்கூட நான் கேட்டதில்லை.

நிபுணர்களின் மேசைக்கு வரைபடம் போனது. கடலடி ஆய்வின் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் அதன் மேல் அடுக்கப்பட்டன. அவர்கள் பார்வையில் முடிவு தானாக வந்தது. எங்கே பாசி செழித்துக் கிடக்கிறதோ, எங்கே மீன்குஞ்சு ஒதுங்குகிறதோ, அதுதானே பாதுகாக்க வேண்டிய இடம்? பெண்கள் ஒரு கை மரிக்கொழுந்தை வைத்த இடத்தின் மேல் சிவப்பு விழுந்தது. எதையும் எடுக்கக் கூடாத பகுதி என்று பெயர் எழுதினார்கள். ஒருவர் என்னைப் பாராட்டவும் செய்தார்: உள்ளூர் அறிவும் அறிவியலும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன, பாருங்கள்.

அந்த அறையில் எனக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருந்தன. அந்த இடம் செழித்திருப்பதற்கு இவர்கள் கிள்ளுகிற முறையும் விட்டுவைக்கிற நாட்களும்கூடக் காரணமாக இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்காமல் மூட வேண்டாம் என்பது ஒன்று. இதை அவர்கள் நிபந்தனையோடு சொன்னார்கள். நிபந்தனையை ஏற்காவிட்டால் இந்தத் தகவலைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் நான் சொல்லவில்லை. தலையாட்டினேன். தேநீர் வந்தது, குடித்தேன்.

அறிக்கை எழுதியவனும் நான்தான். அங்கே செய்ததுதான் எனக்கு இன்றும் வெட்கம். பெண்கள் வைத்த நிபந்தனை என் குறிப்பேட்டில் அவர்கள் பேச்சிலேயே இருந்தது. அறிக்கையில் அது இப்படி ஆனது: “மக்கள் கொள்கையளவில் ஆதரவு தெரிவித்தனர், வாழ்வாதாரம் குறித்துச் சில ஐயங்களை எழுப்பினர்.” ஐயங்களுக்கு விடையாக ஓர் அட்டவணை போட்டேன். ஆடு வளர்ப்பு, தையல், நண்டு கொழுக்க வைத்தல். ஆடு என்று கூட்டத்தில் பேச்செடுத்தபோதே “எங்க ஊருல புல்லு எங்க இருக்கு, மணலத் திங்குமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது அட்டவணைக்குள் வரவில்லை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாமல் கூட்டத்துக்கு வந்ததற்குக் கொஞ்சம் பணமும் சாப்பாடும் கொடுத்தோம். கொடுத்ததற்கு அத்தாட்சியாகக் கையெழுத்து, கைநாட்டு வாங்கினோம். கணக்குக்காக வாங்கிய அந்தத் தாள்களை அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தேன். தலைப்பு: கலந்தாய்வில் பங்கேற்றோர். படிக்கிற எவரும் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சேர்த்தேன்.

முழு அறிக்கை ஆங்கிலத்தில். ஊருக்குக் கொடுப்பதற்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதினேன். நல்ல தமிழ், படிக்கச் சுகமாக இருக்கும். வரைபடத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை. வண்ணத்தில் அச்சடித்தால் செலவு என்று காரணம் சொன்னேன். அந்தச் சிவப்பை அவர்கள் பார்க்கிற நேரத்தில் நான் அங்கே இருக்கப் பயந்தேன் என்பதே உண்மை.

எனக்கு விவரம் தெரியாது என்றாவது தப்பிக்க முடியுமா? முடியாது. பயிற்சி வகுப்புகளில் பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவை உதாரணம் காட்டிப் பேசுகிறவன் நான். சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலாவும் அவருடைய குழுவும் அந்தத் தீவு மீனவர்களோடு பேசிப் பேசி, 1982-ல் தீவின் ஒரு சிறு பகுதியை மட்டும் மீன்பிடிக்காமல் விட இணங்கவைத்தார்கள். காவல் காத்தவர்களும் மீனவர்களே. பலனைக் கண்ணால் பார்த்த பிறகு, சில ஆண்டுகள் கழித்துத்தான் அது உள்ளூர் நகராட்சியின் சட்டமானது. முதலில் சம்மதம், பிறகு பலன், அதற்கும் பிறகுதான் சட்டம். கலிபோர்னியா கதையையும் சொல்லுவேன். 1999-ல் அங்கே கடல் காப்பகங்களுக்கான சட்டம் வந்தது. விஞ்ஞானிகள் மட்டும் உட்கார்ந்து வரைந்த படங்கள் 2001-ல் வெளியானதும் மீனவர்கள் கொதித்துப்போனார்கள், அரசு பின்வாங்கியது. 2004-ல் மறுபடி தொடங்கியபோது, ஒவ்வொரு பகுதியிலும் மீனவர், முங்குநீச்சல்காரர், சூழல் அமைப்பினர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து அவர்களையே கோடு போடச் சொன்னார்கள். இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் மேசையில் கோடு விழுந்தபோது மட்டும் வாய் திறக்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே நாள் கணக்கில் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடிதடியில் தொடங்கிய வழக்கை இப்படித் தீர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது, அதுவும் கையால் மட்டுமே எடுப்பது, விசைப்படகுகளின் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்திக்கொள்வது என்று விதி செய்தார்கள். அந்த ஊர் லட்சுமிக்கு 2015-ல் கலிபோர்னியாவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள். கடலைக் காக்கும் திட்டம் ஒன்று ஏற்கெனவே கரையில் நடைமுறையில் இருந்தது. என் அறிக்கையில் அது பின்னிணைப்பில் ஒரு வரி: “மரபுவழிக் கட்டுப்பாடுகள் சில காணப்படுகின்றன.” எழுதப்படாத விதியை விதி என்று ஒப்புக்கொள்ள என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. எண் போட்டு, மண்டலம் பிரித்து, வண்ணம் அடித்தால்தான் எனக்குத் திட்டம்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பணம் ஒரு காரணம். அறிக்கை தள்ளிப்போனால் கடைசித் தவணை வராது, அடுத்த வேலையும் வராது. ஆனால் பணத்தின் மேல் முழுப் பழியையும் போட்டால் அது இன்னொரு பொய். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன். பந்தலில் ‘நம்ம பிள்ளை’, மேசையில் ‘நம்பிக்கையான ஆள்’. இரண்டும் ஒருசேர நிலைக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் முழுதாகச் சொல்லக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நிபந்தனையை எழுப்பினால் வேலையே நின்றுபோகும், ஒரு வரைவும் இல்லாமல் போவதைவிட ஏதோ ஒன்று இருப்பது கடலுக்கு நல்லது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பவளத்தின் மேல் எனக்கிருந்த அக்கறை உண்மை. அந்த உண்மையைத்தான் கோழைத்தனத்துக்குப் போர்வையாக்கினேன்.

வரைவு எங்கேயோ ஒரு கோப்பில் நின்றுவிட்டது. வரைபடம் நிற்கவில்லை. அது ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் போனது, கருத்தரங்குகளில் திரையில் விழுந்தது. சில காலம் கழித்து அந்தக் காற்று மறைவு இடத்துக்குப் போன படகுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் படத்தைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்லி என்னை விடுவித்துக்கொள்ளவும் முடியாது.

பேருந்து நிலையத்தில் ஒருநாள் அந்த அக்காவைப் பார்த்தேன், காய்ந்த பாசியை அள்ளிக்கொண்டு வந்தவரை. என்னைப் பார்த்துவிட்டு அவரே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நலம் விசாரித்தார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம் சொன்னார்:

“நாங்க சொன்ன எடத்தத்தான் தம்பி அடைச்சிருக்காங்க. சொல்லாத எடமெல்லாம் தப்பிச்சிருச்சு.”

சொல்லாத இடங்களும் இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். என்னை முழுதாக நம்பாத ஒருத்தி அந்தப் பந்தலில் இருந்திருக்கிறாள். அவள்தான் சரி.

நான் செய்ததன் விளைவு ஓர் ஊரோடு முடியவில்லை. பின்னால் ஆய்வுக்கு வந்த மாணவர்கள் அந்தக் கரையில் யாரும் வாய் திறப்பதில்லை என்று என்னிடம் குறைப்பட்டார்கள். எங்கே கேட்டாலும் “அங்கிட்டு ஒண்ணும் கிடக்காது” என்கிறார்களாம். கடலடியை ஒவ்வொரு பருவத்திலும் முங்கிப் பார்த்தவர்கள் பேசாவிட்டால், எந்தக் கருவி அதை ஈடு செய்யும்? பாசி குறைகிறதா, பவளம் வெளுக்கிறதா, மணல் ஏறுகிறதா என்பதை முதலில் பார்க்கும் கண் அவர்களுடையது. அந்தக் கண்ணை மூடவைத்ததில் எனக்குப் பங்குண்டு. பாதுகாப்பின் பேரால் செய்தது பாதுகாப்புக்கே வினையானது.

இப்போது காலம் மாறுகிறது என்கிறார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கரைக்காரர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு வலையில் சிக்கினால், வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் அந்தப் பக்கம் பலர். தேசியப் பூங்காவாக அல்லாமல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது நல்ல மாற்றம். வனவிலங்குச் சட்டத்தின் 36ஏ பிரிவின்படி இதற்கு உள்ளூர் மக்களைக் கலந்தாக வேண்டும். 36பி பிரிவின்படி ஒரு நிர்வாகக் குழுவும் வேண்டும். 2002 திருத்தம் எழுதிவைத்த அந்தக் குழுவின் பட்டியலைப் பாருங்கள்: வனத்துறைக்கு இடம் உண்டு, ஊராட்சிகளுக்கு உண்டு, தொண்டு நிறுவனங்களுக்கு மூன்று இடம் உண்டு, வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உண்டு. மீன்வளத் துறை பட்டியலில் இல்லை. மீனவர் சங்கமோ, பாசி எடுக்கும் பெண்களோ அந்த வரிகளில் இல்லவே இல்லை. கடலுக்கு வந்தபோதும் சட்டம் காட்டுச் செருப்பைக் கழற்றவில்லை.

கலந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டால், கலந்துகொடுக்க என்னைப் போன்றவர்கள் வந்துவிடுவோம். 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாக முடிவெடுத்தன. இன்னும் நிறையக் கோடுகள் விழப்போகின்றன, இன்னும் நிறையக் கூட்டங்கள் நடக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். மக்களைக் கேட்காமல் கோடு போட்டால், கேட்கவில்லை என்று நாளைக்கு நீதிமன்றத்திலாவது சொல்லலாம். நன்றாகக் கேட்டுவிட்டு, கேட்டதை வைத்தே அடைத்தால், அந்த வாயும் போய்விடும். கைநாட்டு பின்னிணைப்பில் இருக்கும்.

என் குறிப்பேட்டின் நகலையும், அந்தத் தாளில் வரைந்ததன் படத்தையும், வண்ண வரைபடத்தையும் ஊரில் பெண்கள் சங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறிக்கையில் நிபந்தனையை மறைத்தேன் என்று என்னை அமர்த்திய நிறுவனத்துக்கும் எழுதினேன். பதில் இல்லை. சங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓர் ஆத்தா மட்டும் கேட்டார்: “இதக் குடுத்தா அங்க இருக்குறது அழிஞ்சிருமா?” அழியாது என்றேன்.

கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ என்னவோ, அனுபவம் இருக்கிறது. வரைபடம் வரைய யாராவது வந்தால், பேனாவைத் தொடுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். இந்தப் படம் யாருக்குச் சொந்தம்? எங்கள் சம்மதம் இல்லாமல் இது வேறு கைக்குப் போகுமா? நாங்கள் மாட்டோம் என்று சொன்னால் அந்தச் சொல் அறிக்கையில் எந்தப் பக்கத்தில், எந்த வார்த்தைகளில் இருக்கும்? வரைவைத் தமிழில், படத்தோடு, எங்கள் முன்னால் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புவீர்களா? சாப்பாட்டுக் கணக்குக்கு ஒரு தாள், சம்மதத்துக்கு வேறு தாள் என்று தனித்தனியாக வைப்பீர்களா? கூட்டத்தை எந்தத் திதியில் வைக்கிறீர்கள்? முடிவெடுக்கும் குழுவில் எங்களுக்கு எத்தனை இடம்? இதற்கெல்லாம் பதில் வராதவரை பாசி கிடக்கிற இடத்தைச் சொல்ல வேண்டாம். வந்தவர் அதட்டினால் அடையாளம் தெரிந்துவிடும், சமாளித்துக்கொள்வீர்கள். பணிவாக உட்கார்ந்து, உங்கள் பேச்சிலேயே பேசி, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்கிறவராக இருந்தால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.